அப்பாவின் கூலி

நம் கூட்டங்களில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. ஒன்று, "நம்ம அப்பன் பாட்டனெல்லாம் கடன் வாங்கியா வெள்ளாமை செஞ்சாங்க?" இன்னொன்று, "இயற்கை விவசாயத்துல செலவே இல்லைங்க." இரண்டுக்கும் நல்ல கைதட்டல் கிடைக்கும். 37 வருடம் வங்கியில் வேலை பார்த்து 2020-ல் ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்கிறவன் நான். இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டும் சேர்ந்து ஒரு ஆளைக் கணக்கில் இல்லாமல் செய்துவிடுகின்றன. அந்த ஆள் என் அப்பா. உங்கள் அப்பாவும்தான்.

கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். என் அப்பா கடன் வாங்கித்தான் வெள்ளாமை செய்தார். கிணற்றுக்கு மோட்டார் வைக்க நில அடமான வங்கியில் வாங்கினார். விதை வெங்காயத்துக்கு கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கிய கடைக்கே சரக்கைப் போட வேண்டும், அவர்கள் சொன்னதே விலை. அவர் தலைமுறையில் கடன் இல்லாத சம்சாரி எங்கள் ஊரில் இருந்திருந்தால், அவருக்கு வேறு ஏதோ வருமானம் இருந்திருக்கும். பழையதைப் பெருமையாகப் பேசலாம், தப்பில்லை. ஆனால் நடந்ததைப் பேச வேண்டும்.

ஒரு மனிதர், எத்தனை வேலை

திண்டுக்கல்லுக்கும் பழநிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கிராமம் என்றும் சொல்ல முடியாது, நகரம் என்றும் சொல்ல முடியாது. கடைவீதியில் வீடு, ஒன்றரை மைல் தள்ளித் தோட்டம். அப்பா 1932-ல் பிறந்தவர். ஐந்தாவது வரை படிப்பு. தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் பதினாலு வயதில் ஏர் பிடித்தவர், 2011-ல் இறந்தார். கட்டிலில் படுத்தது கடைசி இருபது நாள்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது கிணற்றில் மோட்டார் கிடையாது. கவலை இறைப்பு. மதுரைப் பக்கம் இதைக் கமலை என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மாடுகளைப் பூட்டினால் வெயில் ஏறும்வரை இறைப்பார். சரிவில் மாடு முன்னால் இறங்கும்போது சால் மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் மாடு பின்னால் ஏற, சால் கிணற்றுக்குள் இறங்கும். வடக்கயிற்றில் உட்கார்ந்து இறங்குவதும், எழுந்து மாட்டைப் பின்னுக்கு ஓட்டுவதுமாக ஒரு காலையில் எத்தனை தடவை என்று யாரும் எண்ணியதில்லை. வாய்க்காலில் மடை மாற்றிவிடுவது அம்மா. காலைக்குள் அரை ஏக்கர் நனைந்தால் அது நல்ல நாள்.

மோட்டார் வந்த பிறகு வேலை குறைந்ததா? இறைப்பு வேலை குறைந்தது. மிச்சமான நேரத்துக்கு அவர் இன்னொரு ஏக்கர் காய்கறி போட்டார். கத்திரி, கொத்தவரை, மிளகாய், சின்ன வெங்காயம், வரப்போரம் முருங்கை. பறித்த காயை விடியற்காலையில் சைக்கிளில் கட்டி சந்தைக்குக் கொண்டுபோவார். கேரியரில் ஒரு மூட்டை, குறுக்குக் கம்பியில் ஒரு மூட்டை. மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கமிஷன், மூட்டைக்கு இவ்வளவு கழிவு, தூக்குக்கூலி எல்லாம் பிடித்துக்கொண்டு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு தருவார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பத் தோட்டத்தில் இருப்பார். களை, மண் அணைப்பு, மாட்டுக்குத் தீவனம், வேலி, சாயங்காலம் மறுபடி பறிப்பு.

அவரை ஒரு இயற்கை விவசாய முன்னோடியாக நான் காட்டப் போவதில்லை. 1970-களில் எல்லோரையும் போல அவரும் எண்ட்ரின் அடித்தார். முதுகில் தெளிப்பான், மூக்கில் ஒரு துண்டுகூடக் கிடையாது. அந்த மருந்தைப் பிற்பாடு அரசே தடை செய்தது. அடித்த அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "நெடி ஒத்துக்கல" என்று மட்டும் சொல்வார். மூட்டை தூக்கித் தூக்கி ஐம்பது வயதில் குடலிறக்கம் வந்து அறுவை செய்தார்கள். மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். மூன்றாவது வாரம் மண்வெட்டி பிடித்தார். கத்திரி அவருக்காகக் காத்திருக்காது இல்லையா?

இந்த வேலையில்தான் நான் பட்டதாரி ஆனேன், என் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் "பெரிய உழைப்பாளி சார்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உழைத்தார், சரி, அந்த உழைப்புக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று அடுத்த கேள்வி வருவதே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது என் மகள். அவளுக்கு எட்டு வயது. கோடை விடுமுறைக்கு வந்திருந்தவளுக்கு முருங்கைக்காயை எண்ணி, வாழைநாரில் கட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் அப்பா. பேரன் பேத்தி என்றால் பொறுமை வந்துவிடும் அவருக்கு. எனக்குக் கிடைக்காத பொறுமை. வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்களுக்கு அவர் கூலி கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்: "எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சம் இருந்தா அது எனக்கு சம்பளம் கண்ணு. இல்லாட்டி இல்ல."

விவசாயப் பொருளாதாரம் பற்றி நான் பயிற்சி வகுப்புகளில் கேட்டதைவிட இந்த ஒரு பதில் தெளிவானது. விதைக்காரர், உரக்காரர், டிராக்டர்காரர், கூலியாட்கள், கமிஷன் கடை, லாரி, வங்கி எல்லோருக்கும் அவரவர் தொகை முன்கூட்டியே உறுதி. மழை பெய்தாலும் காய்ந்தாலும் உறுதி. கடைசியாக மிஞ்சுவது மட்டும் சம்சாரிக்கு.

மாட்டுக்கு விலை உண்டு

சாகுபடிச் செலவை அரசு எப்படிக் கணக்கிடுகிறது என்று நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் சில வகைக் கணக்குகளை வைத்திருக்கிறது. விவசாயி கையிலிருந்து கொடுக்கும் செலவுகளைக் கூட்டுவது 'ஏ2'. விதை, உரம், கூலியாட்கள், டீசல், குத்தகை எல்லாம் இதில் வரும். குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டு அதையும் சேர்த்தால் 'ஏ2 + குடும்ப உழைப்பு'. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு, சொந்த முதலுக்கான வட்டி ஆகியவற்றையும் சேர்ப்பது 'சி2'.

இதில் ஒரு விசேஷம் கவனியுங்கள். முதல் கணக்கிலேயே சொந்த மாட்டின் உழைப்புக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். மாட்டுக்காரர் உழைப்பு அதில் கிடையாது. அப்பா இறந்தபோது வந்தவர்கள் எல்லாம் "மாடா உழைச்ச மனுஷன்" என்று சொன்னார்கள். இந்தக் கணக்குப்படி பார்த்தால் மாட்டின் இடத்துக்குக்கூட அவர் வரவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து ஆதரவு விலை தர வேண்டும் என்றது. 2018-ல் மத்திய அரசு ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்தபோது எடுத்துக்கொண்டது 'ஏ2 + குடும்ப உழைப்பு' கணக்கை. உழவர் அமைப்புகள் கேட்டது, இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது 'சி2' கணக்கு. இந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அப்பா போட்ட கத்திரிக்கும் முருங்கைக்கும் ஆதரவு விலை என்ற பேச்சே கிடையாது. அவருக்கு எந்த எழுத்தும் பொருந்தாது.

வங்கிப் பக்கமும் இப்படித்தான். கிசான் கடன் அட்டையில் ஒரு பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டக் குழு நிர்ணயிக்கிற தொகைதான் அடிப்படை. அதற்கு மேல் பண்ணைச் சொத்துகளின் பழுது, பராமரிப்புக்கு 20 சதவீதம். அறுவடைக்குப் பிந்தைய செலவு, குடும்பச் செலவு இரண்டையும் சேர்த்து 10 சதவீதம். மோட்டாருக்கும் கொட்டகைக்கும் ஒதுக்குவதில் பாதி, அதை ஓட்டுகிற குடும்பத்துக்கு. விதிகளை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. சம்சாரியே தன் உழைப்பைக் கணக்கில் எழுதாதபோது மற்றவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்?

என் அரை ஏக்கர்

நம் பக்கம் வருவோம். இயற்கை விவசாயத்தில் வெளியிடுபொருள் செலவு குறைவு என்பது என் அனுபவத்திலும் உண்மை. சொந்த விதை, சொந்த மாட்டுச் சாணம், மூலிகைக் கரைசல். ஆனால் அந்த மிச்சத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது? கடையில் வாங்குகிற மூட்டைக்குப் பதிலாக நாம் கலக்குகிறோம், வடிகட்டுகிறோம், சுமக்கிறோம். களைக்கொல்லிக்குப் பதில் நாம் குனிகிறோம்.

போன வருடம் அரை ஏக்கரில் நாட்டுக் கத்திரி போட்டேன். வங்கிக்காரன் புத்தி, எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். செலவு: உழவு 2,400 ரூபாய், வேப்பம்புண்ணாக்கு 4,200, ஜீவாமிர்தத்துக்கு வெல்லமும் பயறு மாவும் 1,600, நடவு-களைக்கூலி 11,200, பறிப்புக்கு ஆள் வைத்தது 3,500, வண்டி 4,400. மொத்தம் 27,300. காய் 3,400 கிலோ. சராசரியாகக் கிலோ 22 ரூபாய்க்குப் போனது. வரவு 74,800. கையில் நின்றது 47,500 ரூபாய். அரை ஏக்கருக்கு இது நல்ல தொகை. இந்த இடத்தில் நிறுத்தினால் நம் இதழில் ஒரு வெற்றிக் கதையாகப் போடலாம்.

ஆனால் இன்னொரு பக்கத்தில் எங்கள் வேலை நாளையும் எழுதியிருந்தேன். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்று வைத்து எனக்கு 61 நாள், என் மனைவிக்கு 57 நாள். எங்கள் பக்கம் ஆண் கூலி 600, பெண் கூலி 350. அதன்படி என் கூலி 36,600, அவர் கூலி 19,950. இரண்டும் சேர்ந்து 56,550. ஆக அந்தக் கத்திரி எங்களுக்கு 9,050 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. என் மனைவி நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க கலக்குன ஜீவாமிர்தத்துக்கு 600, நான் குனிஞ்சு எடுத்த களைக்கு 350-ஆ?" அதுவும் நியாயமான கேள்விதான். இருவருக்கும் ஒரே கூலி போட்டால் பாக்கி 23,300 ஆகிறது.

எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அந்த 9,050-ஓ 23,300-ஓ என் அடுப்பை அணைக்காது. நஞ்சில்லாத சாப்பாடு, மண்ணில் திரும்பி வந்த மண்புழு, நல்ல தூக்கம், இதெல்லாம் எனக்குப் போதும். ஆனால் என்னைப் போன்றவர்களை வைத்து இந்த இயக்கம் வளர முடியாது. இருபத்தைந்து வயதில், இருந்த வேலையை விட்டுவிட்டு, "செலவே இல்லை" என்பதை நம்பி வருகிற ஒரு பையனையோ பெண்ணையோ நினைத்துப் பாருங்கள். முதல் வருடம் உற்சாகத்தில் ஓடும். இரண்டாவது வருடம் கல்யாணம், குழந்தை, வாடகை. மூன்றாவது வருடம் திரும்பிப் போய்விடுவார்கள். போகும்போது "இயற்கை விவசாயம் சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் சரிப்படாமல் போனது அவர்களுக்கு யாரும் சொல்லாமல் விட்ட கூலிக் கணக்கு.

"எல்லாத்துக்கும் விலை போடணுமா?"

இப்படிப் பேசும்போது சில நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். மண்ணுக்கும் நமக்கும் உள்ள உறவைக் காசாக்கலாமா, பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் செய்ததற்குப் பில் போடலாமா என்று கேட்கிறார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. அப்பா மாட்டைத் தடவிக்கொடுத்த நேரத்தையும் பேத்திக்கு முருங்கைக் கட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்த நேரத்தையும் நான் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை. சந்தைக்குப் போன மூட்டைக்குள் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைத்தான் கேட்கிறேன். அந்த மூட்டையை வாங்கியவர் அவருக்கு மகனும் இல்லை, மருமகனும் இல்லை.

விலை ஏறினால் ஏழைகள் எப்படி வாங்குவார்கள் என்பது இன்னொரு கேள்வி. ஏழைக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு ரேஷன் கடை இருக்கிறது, சத்துணவு இருக்கிறது. அரசு நல்ல விலைக்கு நம்மிடம் வாங்கி அங்கே கொடுக்கட்டும். அந்தப் பாரத்தைக் குடலிறக்கம் வந்த ஒரு சம்சாரியின் முதுகில் ஏற்றுவதை எந்தத் தர்மத்தில் சேர்ப்பது?

விலையைச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன். 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை வந்தது. பிறகு எங்கள் பக்கமும் வந்தது. அப்பாவுக்கு அப்போது வயது 68. அடையாள அட்டை வாங்கி, கத்திரிக்காயைக் கொட்டி உட்கார்ந்தார். ஐம்பது வருடமாக அவர் காய்க்கு வேறு ஆட்கள் தராசு பிடித்தார்கள்; அன்றைக்கு அவரே பிடித்தார். கமிஷனும் இல்லை, கழிவும் இல்லை. ஒரு மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோது, "டேய் தம்பி, அதே காய்தாண்டா, இப்ப சைக்கிள் பாரமே தெரியல" என்றார். முதுமையில் அவருக்கு உடம்பு தெம்பாகிவிடவில்லை. உழைப்புக்குப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்

பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டாம். நாமே தொடங்கக்கூடியவை நான்கு சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நோட்டு. வரவு செலவு எழுதுகிறவர்கள் அதிலேயே இன்னொரு பத்தி போடுங்கள். வீட்டில் யார், என்ன வேலை, எத்தனை மணி நேரம். சாயங்காலம் ஐந்து நிமிடம் போதும். பெண்களின் வேலையை அவர்களையே கேட்டு எழுதுங்கள். ஆட்டுக்குத் தழை ஒடித்தது, விதை காயவைத்தது, வேலைக்கு வந்தவர்களுக்கு டீ போட்டது எல்லாம் ஆண்கள் கண்ணில் படாது.

இரண்டாவது, நம் இதழிலும் கூட்டங்களிலும் சாகுபடி அனுபவம் சொல்லும்போது 'குடும்ப உழைப்பு நாட்கள்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். லாபம் குறைவாகத் தெரியும், தெரியட்டும். குறைவாகத் தெரிகிற உண்மையை நம்பி வருகிறவர்தான் பத்து வருடம் நிற்பார்.

மூன்றாவது, நம் இயற்கை அங்காடிகளும் நேரடி விற்பனைக் குழுக்களும் விலை நிர்ணயிக்கும்போது அந்த வரியைப் பார்த்துவிட்டு நிர்ணயிக்கட்டும். 'சந்தை விலைக்கு மேல் இத்தனை சதவீதம்' என்ற முறையில் சந்தை விழுந்தால் நாமும் விழுகிறோம். என் கத்திரிக்குக் கூலியோடு சேர்த்துக் கட்டுப்படியான விலை கிலோ 25 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 22-க்கும் 25-க்கும் நடுவில் இருக்கிற மூன்று ரூபாயை, காரணம் சொல்லிக் கேட்டால், நகரத்து நுகர்வோர் பலர் மறுக்க மாட்டார்கள். நாம் கேட்பதில்லை.

நான்காவது, உழைப்பைப் புகழ்வதைவிட உழைப்பைக் குறைப்பதில் புத்தியைச் செலுத்துவோம். மூடாக்கு போட்டால் களை குறைகிறது. வடிகட்டிய கரைசலைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் குடம் சுமக்க வேண்டாம். தள்ளு களைக்கருவி பெண்கள் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்றபடி கிடைக்க வேண்டும். ஒரு புதிய கரைசலுக்குக் கொடுக்கிற கைதட்டலை, முதுகை நிமிர்த்துகிற ஒரு கருவி செய்தவருக்கும் கொடுப்போம்.

வங்கிக்காரனாக ஒரு உபரி வார்த்தையும் உண்டு. உழைப்பு நோட்டில் வருகிற பெயர்கள் பட்டாவிலும் வரட்டும். பட்டாவில் பெயர் இல்லாத மனைவிக்கும் மகளுக்கும் பயிர்க்கடன், நிவாரணம், மானியம் எதுவும் நேரடியாக எளிதில் கிடைப்பதில்லை. கணவர் போன பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைகிற பெண்கள் எத்தனையோ பேரை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் 48 வருடம் அந்தத் தோட்டத்தில் மடை மாற்றியவர். அவர் பெயரில் ஒரு சென்ட்கூட இருந்ததில்லை.

இந்தப் பட்டத்திலிருந்தே தொடங்குங்கள். கத்திரியோ, கடலையோ, நெல்லோ, எந்தப் பயிரானாலும் ஒரு பயிருக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் வீட்டோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். மாவட்டத்துக்குப் பத்துப் பேர் எழுதினால்கூட, விலை கேட்கப் போகும்போது நம் கையில் வெறும் கோஷத்தோடு கூட ஒரு கணக்கும் இருக்கும்.